அக்கிக்குப் பூசிய காவி

முத்துவேலுக்கு நோய் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முதலில் வாயெல்லாம் வெள்ளை படிந்தது. பிறகு நிற்காத வயிற்றுப்போக்கு, அது அடங்குமுன் இருமல். தேயிலை லாரி ஓட்டிய மனுஷன் பந்தலூர் எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். "சிலோன்ல இருந்து கொண்டாந்த சீக்கு" என்றார்கள் ஊரில். சின்னப் பையனாகக் கப்பலேறி மண்டபம் முகாமில் வந்திறங்கியவன் என்னத்தைக் கொண்டுவந்திருப்பான், இவர்கள் தலையையா?

டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். அதில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அப்போதுதான் விலாவில் அக்கி கிளம்பியது.

லயத்தில் அக்கி என்றால் லிங்கசாமிதான். காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதுவார். எழுதிய உடம்பில் இங்கிலீஷ் மருந்து சேரக்கூடாது என்பது அவர் சொல்லும் பத்தியம். பெண்டாட்டி தெய்வம்மா மாத்திரையைத் தூக்கிப் பரணில் வைத்தாள். அக்கி வேறு, இருமல் வேறு என்றுதானே அவளுக்குத் தெரியும்? அக்கி காய்ந்தது. காசநோய் திரும்பிவந்து ஆளை வாரிக்கொண்டு போனது.

காரியம் முடிந்த பிறகு எஸ்டேட் கம்பவுண்டர் பாலசுப்பிரமணியம் மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, நீங்களும் ஒருக்கா ரத்தம் பாத்துருங்க. அவருக்கு எச்.ஐ.வி. முத்திப்போச்சுங்க. அது உடம்போட எதிர்ப்புச் சக்தியத் தின்னுபோடும். நமக்கு வந்த சுவடு தெரியாமப் போற கிருமிகூட அந்த உடம்புல குடியேறிக்குமுங்க. வாய்ப்புண்ணு, பேதி, காசம், அக்கி, எல்லாத்துக்கும் அதுதானுங்க வேரு."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரிசல்ட் வந்தப்பவேங்க. மேனேஜர் தொரைகிட்டயும் யூனியன்லயும் சொல்லிட்டனுங்க."

"எங்கிட்ட?"

"பொம்பளைகிட்ட எப்படிங்க சொல்றது?"

தெய்வம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. துரைக்குத் தெரியும், யூனியனுக்குத் தெரியும், துரை வீட்டுச் சமையல்காரனுக்கும் தெரிந்திருக்கும். கூடப் படுத்தவளுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே வேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மாத்திரையைப் பரணில் ஏற்றியிருப்பாளா? இன்னும் கொஞ்ச நாளாவது இருந்திருப்பான், பாவி.

அந்த மழைக்காலத்தில், கொழுந்துக் கூடை உரசும் இடத்தில், அவள் முதுகிலும் அக்கி கிளம்பியது. கூப்பிடாமலே லிங்கசாமி காவிக் கிண்ணத்தோடு வந்தார். தெய்வம்மா அதை வாங்கிச் சாக்கடையில் கொட்டினாள்.

"எழுதுனது போதும், மாமா."

பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் ஜூடித் ஊசியை எடுத்துக்கொண்டே, "ரிசல்ட்ட ஒங்க எஸ்டேட்டுக்கு அனுப்பிருவோம்" என்றாள்.

தெய்வம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"இது என் ரத்தம். நல்லதோ கெட்டதோ, மொதல்ல எங்கிட்ட சொல்லணும். சொல்றேன்னு சொல்லுங்க, அப்பறம் குத்துங்க."

ஜூடித் ஊசியைத் தாழ்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சரிங்கக்கா. நானே ஒங்ககிட்ட சொல்றேன்."

தெய்வம்மா கையை நீட்டினாள்.