பாவாயியின் தொம்பையும் பூட்டிய கட்டுரையும்

உங்கள் அம்மாவின் படம் வண்ணத்தில் அச்சாகியிருக்கும் ஒரு பக்கத்தை நீங்கள் சந்தேகிப்பீர்களா?

கோகிலவாணி சந்தேகிக்கவில்லை. மலைமேல் உள்ள குண்டூர் நாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கிப் போய்த் தாவரவியல் முதுகலை படிக்கிறவள். சாமை விதை பற்றிய தன் ஆய்வேட்டில் ஒரு மாத இதழின் கட்டுரையை முதல் சான்றாக வைத்தாள். விதை சேர்த்துவைக்கும் தொம்பையின் பக்கத்தில் அவள் அம்மா பாவாயி சிரித்தபடி நிற்கும் படம். மேலே தலைப்பு: ‘முப்பது நாளில் சர்க்கரையை விரட்டும் மலைச் சாமை!’

வழிகாட்டி அனுராதா அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

“ஏனுங்க மேடம், எங்க ஊட்டுக்கே வந்து எழுதுனாங்க. எங்கம்மா கையால களி தின்னுட்டுப் போனாங்க.”

“களி தின்னா ஆராய்ச்சி ஆயிருமா கண்ணு? யாரு ரத்தத்தைச் சோதிச்சாங்க? எத்தனை பேரை? எதைப் படிச்சு எழுதுனாங்கன்னு கடைசியில ஒரு வரி இருக்குதா? அடுத்த பக்கத்தைத் திருப்பு.”

திருப்பினாள். சாமைப் பொட்டல விளம்பரம். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பிறகு அனுராதா ஆய்விதழ்களில் தேடக் காட்டினார். எழுதியவர் என்ன படித்தவர், எப்படி அளந்தார், அச்சாகும் முன்பு துறை அறிந்த வேறு ஆட்கள் சரிபார்த்தார்களா என்று பார்க்கச் சொன்னார். படமே இல்லாத ஒரு கட்டுரையின் சுருக்கம் அகப்பட்டது. குண்டூர் நாட்டில் நாற்பது வீடுகள், மூன்று பருவங்கள், சாம்பல் கலந்து வைத்த சாமை விதையின் முளைப்பு. வீடுகளுக்குப் பெயர் இல்லை, எண்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டாள்.

“ஆமா சாமி, தராசு தூக்கிக்கிட்டு ரெண்டு புள்ளைங்க வருசா வருசம் வந்தாங்களே! நம்ம தொம்பையில விதைய எண்ணி எண்ணி எடுத்தாங்க. ஒரு போட்டோகூடப் புடிக்கல. அவுங்களப் போயி ஆரு நம்புவா?”

அந்த நாற்பதில் அம்மா எந்த எண்? அம்மாவின் விதையில் நூற்றுக்கு எத்தனை முளைத்தது? முழுக் கட்டுரையும் பூட்டிக் கிடக்கிறது. அவள் கல்லூரி அந்த இதழுக்குச் சந்தா கட்டுவதில்லை. எழுதியவர்களுக்கு இரண்டு முறை மின்னஞ்சல் போட்டாள். பதில் இல்லை. மலையேறும் பஸ்ஸில், சிக்னல் அறுந்துபோகும் வளைவு வரைக்கும் போனைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வருகிறாள்.

சர்க்கரையை விரட்டும் புளுகு பெட்டிக்கடையில் தொங்குகிறது. அளந்து எழுதிய எழுத்து மட்டும் விதை கொடுத்தவள் கைக்கு எட்டாதாம். இதற்குப் பெயர் அறிவியலா?

இந்த மலையில் ஏறி, எவருடைய தொம்பையிலாவது கைவிட்டு விதை எடுத்தவர் நீங்கள் என்றால், உங்கள் கட்டுரையின் படி ஒன்றை இன்றே அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். அவர்கள் எந்த எண் என்பதையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.