பாலில் மாட்டிக்கொண்ட குளிசை

சிறுநீர் கழித்தால் நெருப்பாய் எரிந்தது. மாலையானால் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரி டொக்டர் சிப்ரோஃப்ளொக்சசின் குளிசை எழுதித் தந்து, விட்டால் கிருமி கிட்னிக்கு ஏறிவிடும் என்று சிங்களத்தில் சொன்னார். கிட்னி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

எங்கள் தோட்டத்து லயத்தில் பெரிய குளிசை என்றாலே சூடு, சூட்டுக்குப் பால். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்றாலும் வைத்தியத்தில் நான் குறைந்தவன் அல்ல. ஒவ்வொரு குளிசைக்கும் எங்கள் பசுவின் பாலை ஒரு பெரிய கோப்பை குடித்தேன். கன்றுக்குட்டி என்னை முறைத்தது.

காய்ச்சல் இறங்கவில்லை. கிட்னி போய்விட்டது என்று முடிவு கட்டி, சவப்பெட்டியில் வைக்கும்போது நீலச் சட்டையைப் போடச் சொன்னேன்.

"அதுல பட்டன் இல்லங்க. கொஞ்சம் பொறுத்துச் சாவுங்க" என்றாள் மனைவி.

மாவனல்லை டவுனுக்குப் போய், பார்மசி வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் இதைவிடப் பலமான குளிசை கேட்டேன்.

"இத என்னத்தோட குடிக்கிறீங்க?"

"பாலோட, நானா."

அவர் தலையில் கைவைத்தார். "பால்ல உள்ள கல்சியம் வயித்துலயே குளிசையப் பிடிச்சிக்கும். ரத்தத்துக்குப் போறது கொஞ்சந்தான். கிருமிக்குள்ள ஒரு நூல் முறுக்கிக் கெடக்கு. கிருமி பெருகணும்னா, அத வெட்டி, முறுக்கத் தளத்தி, திரும்ப ஒட்டணும். அதுக்கு உள்ளுக்கு ஒரு ஆள் ஈக்கி. வெட்டின கையோட குளிசை அவனப் பிடிச்சிக்கும், ஒட்ட வுடாது. நூல் அறுந்து கிருமி செத்து மௌத்தாப் போகும்."

"நம்ம ஒடம்புலயும் அந்த நூல் இருக்கா, நானா?" எனக்கு வியர்த்தது.

"ஈக்கி. ஆனா நம்ம நூல வெட்டி ஒட்டுற ஆள் வேற சாதி, லேசுல பிடிபட மாட்டான். தண்ணியோட குடிங்க. நாளைக்கும் காய்ச்சல்னா டொக்டர்ட்டயே போங்க."

தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் தினமும் ரப்பர் பாலில் அசிட் ஊற்றி உறைய வைப்பதுதான் என் வேலை. ஒன்றில் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதாம்!

அன்றிலிருந்து தண்ணீர்தான். மறுநாள் மாலை, காய்ச்சல் வருகிறதா என்று தொட்டுத் தொட்டே நெற்றி சூடாகிவிட்டது. மனைவி என் கையைத் தட்டிவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேர்த்துக் கொட்டுது. காய்ச்சல் விட்டுருச்சு. மிச்சக் குளிசையையும் ஒழுங்காக் குடிச்சு முடிங்க."

"நீலச் சட்டை?"

"பட்டன் தச்சிட்டேன். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போட்டுக்கங்க."