சோப்பை அப்புறம் வரைஞ்சுக்கலாம்

இருபத்திரண்டு வயதில் நான் சினிமாவில் சேர முடிவு செய்தேன். நகரியில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் ஓடின. கல்யாணப் பேச்சு இரண்டு முறை தட்டிப் போயிருந்ததால் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. நைனா மட்டும், "எந்த பாஷை சினிமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எங்கள் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இழுபறி நடந்துகொண்டிருந்த சமயம் அது. காலையில் தமிழில் ஊர்வலம் போகும், சாயங்காலம் தெலுங்கில் போகும். இரண்டிலும் பாதிப் பேர் ஒரே ஆட்கள்.

புடவை எடுக்க வந்த திருப்பதி போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர்தான் எனக்கு வழி சொன்னார். "முதல்ல காலண்டர், அப்புறம் விளம்பரம், அப்புறம் சினிமா. எல்லாரும் இந்தப் படியிலதாம்மா ஏறினாங்க" என்றார். மலையேறிக் கும்பிடும் ஆசையில் அத்தை எனக்குத் துணைக்கு வந்தாள்.

யாத்ரீகர்கள் தங்கும் சத்திரம் ஒன்றின் மாடியில் ஸ்டுடியோ. உள்ளே செருப்புக்கு அனுமதி இல்லை. கேமராவுக்குக் குங்குமப் பொட்டு. முதல் நாள் என்னை லட்சுமியாக நிறுத்தினார்கள். இரண்டு கை என்னுடையது, இரண்டு கை அட்டை. படம் எடுத்து முடித்ததும் ஸ்டுடியோக்காரர் கற்பூரம் ஏற்றி என் காலில் விழுந்தார். "தாயே, எங்க தாலுகா எங்க போனாலும் நீ எங்களை விட்டுப் போகாதே" என்றார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கே ஒரு நிமிஷம் என் மேல் பக்தி வந்தது.

மறுநாள் குளியல் சோப்பு விளம்பரம் என்றார். அத்தையை மலைக்கு அனுப்பி வைத்துவிட்டு, கண்ணாடி மாதிரி ஒரு வாயில் புடவையைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். சுவரோரம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். விநியோகஸ்தர்களாம். எதை விநியோகிக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

"சோப்பு எங்கங்க?" என்று கேட்டேன்.

"சோப்பை அப்புறம் வரைஞ்சுக்கலாம்மா. நீ கொஞ்சம் திரும்பி நில்லு. கலையில வெக்கம் ஆகாது."

திரும்பி நின்றேன். இது இரண்டாவது படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் சித்தூரில் படத்துக்குப் பணம் போடும் பெரிய மனிதர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார் ஸ்டுடியோக்காரர். "அத்தை வேணாம். வயசானவங்களைப் பார்த்தா அவருக்குக் கற்பனை ஓடாது." நான் அத்தையோடுதான் போனேன்.

பெரிய மனிதரின் பங்களா வராந்தாவில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கார்வேட்டிநகரத்துக்காரி. அவளுக்கும் சினிமா வாக்குறுதிதான். "ஏமே, உள்ள சோடா குடுப்பாங்க, குடிக்காதே" என்று என் காதில் மட்டும் சொன்னாள்.

பெரிய மனிதர் மேஜை மேல் எல்லை வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். நம் பக்கத்துப் பெண்களின் மானத்தைக் காக்கத்தான் தாம் இந்தப் போராட்டத்தில் இறங்கியதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "எங்கே, புடவையை முட்டி வரைக்கும் தூக்கிக்கினு நடந்து காட்டு" என்றார்.

அத்தை எழுந்தாள்.

"இன்னா சாமி, மாட்டுச் சந்தையிலகூட பல்லைத்தான் பாப்பாங்க. நீ இன்னாத்தைப் பாக்கற?"

கிழவியை வெளியே தள்ளு என்று அவர் ஸ்டுடியோக்காரரிடம் தெலுங்கில் கத்தினார். அத்தைக்கு அவரைவிட நன்றாகத் தெலுங்கு வரும். அவள் சொன்ன பதிலை நான் எழுதுவதற்கில்லை. மூச்சிரைக்க நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பின்னால் கார்வேட்டிநகரத்து அக்காவும் வந்துகொண்டிருந்தாள்.

பஸ்ஸில்தான் அவள் முழுக்கதையையும் சொன்னாள். "நெகட்டிவ் பிளேட்டெல்லாம் அந்த ஸ்டுடியோக்காரன்கிட்டதான் கீது. கூப்ட்டா வரணும். வரலைன்னா படத்தை ஊருக்கு அனுப்புவேன்றான். ரெண்டு வருஷமா இப்பிடித்தான் வந்துகினு கீறேன்." எனக்கு அப்போதுதான் படிக்கட்டு எங்கே போகிறது என்று புரிந்தது.

மறுநாள் காலை மூவரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அவர் கண்ணை மூடிப் பூஜையில் இருந்தார். அத்தை வாசற்படியை அடைத்து உட்கார்ந்துகொண்டாள். அக்கா அலமாரியிலிருந்து கண்ணாடிப் பிளேட்டுகளை அள்ளிக் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றாகத் தரையில் அடித்தேன். என் படம், அவள் படம், எங்களுக்குத் தெரியாத பெண்களின் படம், எதையும் விடவில்லை. சத்தம் கேட்டு யாத்ரீகர்கள் மாடிப்படியில் கூடிவிட்டார்கள். ஸ்டுடியோக்காரர் அவர்களிடம், "ஒண்ணுமில்லை, திருஷ்டி கழிக்கிறோம்" என்றார். பிறகு எங்களிடம் அழுதார்.

"பாவிங்களா, அதுல சாமிப் படமும் கலந்திருக்கு! போலீஸுக்குப் போவேன்."

"வா, சேர்ந்தே போலாம்" என்றாள் அக்கா. அவர் துடைப்பம் தேடப் போனார்.

லட்சுமி மட்டும் முன்பே அச்சுக்குப் போய்விட்டிருந்தாள். தை மாதம் எங்கள் தெரு அரிசிக் கடையில் காலண்டராக வந்து தொங்கினாள். சினிமாவுக்குப் போய்த் திரும்பிய பெண் என்று என்னை முறைத்த கடைக்காரர், அவளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் பூ வைத்தார். அது நான்தான் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லைத் தீர்ப்பும் ஒருவழியாக வந்தது. திருத்தணி மதராஸுக்குப் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அதற்குள் அக்காவும் நானும், இரண்டு பாஷையிலும் நாடகம் போடும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தோம். எனக்குக் கிடைத்த முதல் வேஷம் காது கேட்காத மாமியார். தலை நரைக்க மாவு பூசி, கழுத்து முதல் கால் வரை போர்த்திவிட்டார்கள். புத்தூரில் முதல் ஆட்டம். நான் வாயைத் திறந்ததும் கடைசி வரிசை வரை சிரித்தது. அக்கா திரைக்குப் பின்னால் நின்று எனக்கு அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தாள்.