பாலகுமார் வாங்கிய ரம்ப மெஷின்

இது நடந்த கதை. சேர்வராயன் சாமி மேல் ஆணை. ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்னால் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். ஏற்காடு போகும் பஸ்ஸோ பனி விலகினால்தான் நாகலூருக்கு வரும். அதனால் அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். மரத்தின் உயரத்தை, தேனீயின் புத்தியை, இப்படி. ரத்தத்தை மட்டும் இழுக்கவில்லை. அது இருந்ததே போதும்.

அன்று டீக்கடை பெஞ்சில் என் வாயில் அகப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் செல்லப்பன். எஸ்டேட் மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து செய்ய ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. இன்னொருவர் ஏற்காட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அஜ்மல் பாய். கதையில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தும் இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. பஸ் வேண்டுமே!

வாழவந்தி ஊர்க்காரன் பாலகுமார் மரம் ஏறுகிறவன். காப்பிச் செடிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக்கில் ஏறி, மழைக்கு முன்னால் கிளை கழிப்பது பிழைப்பு. அந்த மரங்களின் உச்சியில் நின்று தும்மினால் சேலத்தில் குடை விரிப்பார்கள். அவனும் அவன் அண்ணன் சக்தியும் ஒன்றாகத்தான் ஏறுவார்கள். போன வருஷம் வைகாசியில் சக்தி கால் வைத்த கிளை முறிந்தது. வண்டியில் போட்டு மலை இறக்கினார்கள். பாதி வளைவு இறங்குவதற்குள் அண்ணன் தலை தம்பி மடியில் கனத்துப்போனது.

காரியம் முடிந்த அன்று பாலகுமாரின் மனைவி மலர் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, இனி நீங்க மரத்துல ஏறுனீங்கன்னா, எறங்கி வர்றப்ப ஊட்டுல நான் இருக்க மாட்டனுங்க."

"ஏறாம என்ன புள்ள பண்றது?"

"மரத்து மேல பொழச்சது போதும். வெட்டிக் கெடக்கற மரத்துல பொழைங்க."

காப்பி பூக்கும் தோட்டங்களில் தேனீ வளர்க்கும் மரப் பெட்டிக்கு எப்போதும் கிராக்கி. அதைச் செய்து விற்கலாம் என்று இறங்கினான். ஆனால் பாலகுமாருக்குத் தச்சு வேலை வராது. கைரம்பத்தால் அறுத்து அவன் செய்த முதல் பெட்டிக்குள் நுழைந்த தேனீ, தலை சுற்றி வெளியே வந்து, பூ என்று நினைத்து என் மொட்டை மண்டையில் உட்கார்ந்தது. பலகை நேராக அறுபட வேண்டும் என்றால் ரம்ப மெஷின் வேண்டும். மேஜை நடுவில் வட்ட பிளேடு பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றும். பலகையை நாம்தான் அதன் வாய்க்குத் தள்ள வேண்டும்.

அஜ்மல் பாய் கடைக்குப் போனான்.

"இருக்கறதுலயே வெல கம்மியா ஒண்ணு குடுங்க பாய்."

லேத்துப் பட்டறையில் இரும்புச் சட்டம் பற்றவைத்து, பழைய மோட்டார் மாட்டிய ஒன்று மூலையில் கிடந்தது. சுவிட்சைப் போட்டதும் அது தானாக நடந்து வாசலுக்குப் போய் பஸ்ஸுக்கு நின்றது.

"அது வேண்டாமுங்க. புதுசா பழகறவனுக்கு அது எமன்" என்றார் பாய். "பிளேடு மேல மூடி இல்ல. பின்னாடி தகடும் இல்ல. அறுத்த பலக சுருங்கி பிளேடக் கவ்வுச்சுன்னா, திருப்பி உங்க நெஞ்சுலயே வந்து அடிக்கும். இதப் பாருங்க."

அவர் காட்டியது சின்ன மெஷின். வீட்டு கரண்டிலேயே ஓடும். மூடியும் இருந்தது, தகடும் இருந்தது. பாலகுமார் லேசில் விடுவானா? பலகை ஒட்டி நகரும் ஓரச் சட்டம் பிளேடுக்கு நேராக நிற்கிறதா என்று ஈர்க்குச்சி ஒடித்து முன்னும் பின்னும் அளந்தான். ஓடவிட்டு மேஜைமேல் டீ டம்ளரை வைத்துப் பார்த்தான். டீ தளும்பவில்லை. தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவன் இவ்வளவு பார்க்கவில்லை என்று மலர் சொன்னாள். ஆடுகளை விற்று அதையே வாங்கினான்.

பாய் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். மூடியைக் கழற்றாதே. ஈரப் பலகை வைக்காதே. பலகை முடிகிற இடத்தில் கையால் தள்ளாதே, கட்டையால் தள்ளு. பாலகுமார் ஒன்றையும் மீறவில்லை. பெட்டிகள் நேராக வந்தன. மலர் பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் மரம் ஏறுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளங்கையில் சாக்குத் துணி சுற்றாமல் மரத்தைத் தொட மாட்டார்கள். பட்டை கிழிக்கும், எறும்பு கடிக்கும், பனியில் விரல் விறைத்துக் கயிறு நழுவும். துணி சுற்றாதவனைச் செல்லப்பன் மேஸ்திரி மரத்தடிக்கே விட மாட்டார். பாலகுமாருடைய கைக்குப் பலகையும் மரம்தான். மார்கழிக் குளிர் வந்ததும் அந்தப் பழக்கம் தானாக வந்தது. விரல் பத்திரமாக இருக்கட்டும் என்று மலரே இறுக்கிச் சுற்றிவிட்டாள்.

பலகையைத் தள்ளினான். துணியின் நுனி மூடிக்கு அடியில் புகுந்தது. வெறும் கையாக இருந்திருந்தால் தோலோடு போயிருக்கும், கை தானே பின்வாங்கியிருக்கும். துணியைக் கவ்விய பிளேடு கையை விடவில்லை, உள்ளே இழுத்தது. மலர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. ஒன்றை மரத்தூளுக்குள் துழாவி எடுத்தாள். இன்னொன்று கிடைக்கவே இல்லை. எடுத்த விரலும் சேலம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உதவாமல் போனது. அதே வளைவுகள். இந்தமுறை அவன் தலை மலர் மடியில்.

நான் பார்க்கப் போயிருந்தேன். "இனி ஒருத்தனையும் வெரல் நீட்டிக் குத்தம் சொல்ல முடியாது மாப்ள" என்றேன். பாலகுமார் சிரித்தான். மலர் சிரிக்கவில்லை. காப்பியும் கொடுக்கவில்லை.

மெஷின் இப்போது தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலே பாலகுமார் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறான். அதற்கப்புறம் ஒரு பலகை அறுக்கவில்லை. சித்திரையும் பிறந்துவிட்டது. கவாத்து தொடங்கப்போகிறது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி டீயை உறிஞ்சினேன்.

"அப்பறம்?" என்றார் அஜ்மல் பாய்.

"அப்பறம் என்னங்க, திங்கக்கெழம மரம் ஏறப் போறானுங்க. மேஸ்திரி சேத்துக்கிட்டாரு."

பாய் டம்ளரை வைத்த வேகத்தில் பாதி டீ என் வேட்டிக்கு வந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, நெசமாவா? அந்தக் கையில கவுறு எப்புடிங்க புடிப்பான்?"

"நானா போயிக் கூப்புட்டேன்? அவனா வந்து நின்னான். மெஷினுக்குத்தான் பயம், மரத்துக்குப் பயமில்லீங்கறான். அடுப்பெரிய வேண்டாமுங்களா?"

"மலருக்குத் தெரியுமா?"

"அது அவுங்க ஊட்டுச் சமாச்சாரமுங்க" என்று மேஸ்திரி பனியைப் பார்த்தார்.

"அப்பத் தெரியாது! அண்ணன முழுங்குன மரத்துக்குத் தம்பியையும் அனுப்பறீங்க!"

"பாத்துப் பேசுங்க பாய். மரமா அவன் வெரல எடுத்துச்சு? மெஷின வித்தது ஆரு? அத்தன சொன்னீங்களே, கையில துணி ஆகாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"துணி சுத்திக்கிட்டு நிப்பான்னு நான் கனவா கண்டேன்? சுத்தப் பழக்குனது நீங்க!"

"ஏனுங்க, டீ ஆறுதுங்க..." என்று நான் நடுவில் புகுந்தேன்.

"நீ வாய மூடு!" இரண்டு பேரும் ஒரே குரலில் என்மேல் விழுந்தார்கள்.

பாய் எழுந்து கல்லாமேல் கிடந்த டீக்கடைக்காரரின் பைக் சாவியை எடுத்தார். "பஸ்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கடக்காரரு வண்டியில இப்பவே போயி அந்தப் புள்ளகிட்டச் சொல்றேன்."

மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்தார். "சொன்னீங்கன்னா அவன் சோத்துல மண்ணு விழுகும்!"

"விழுந்தா விழுகட்டும்! அவன் விழுகாம இருந்தாப் போதும். கைய எடுங்க!"

"எடுக்க மாட்டேன்!"

"ஏனுங்க, எஞ் சாவியக் குடுத்துட்டு அடிச்சுக்கங்க!" என்று கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். பெஞ்சு சாய்ந்தது.