நெல் மூட்டைக்கு அடியில் இன்டர்நெட்

ரவுட்டரில் சிவப்பு லைட் எரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் முதலில் தட்டுவேன். பிறகு திட்டுவேன்.

போன திங்கள் காலை இரண்டையும் செய்தேன். அக்காவின் மகள் கவிதாவுக்குப் பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. கொழும்புக் கம்பெனியில் நெட்வொர்க் வேலை. தன் ஊர் கதிரவெளியில் சிக்னலை நம்ப முடியாது என்று முதல்நாளே செங்கலடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்களிடம்தான் ஃபைபர் லைன் இருக்கிறதே... அந்தப் பெருமை வேறு எனக்கு!

ஒன்பதரைக்குப் பார்த்தால் லைன் இல்லை. தட்டியும் திட்டியும் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னேன்:

"அந்த வீடியோ ஆப்பை அழிச்சிட்டுத் திரும்பப் போடு புள்ள."

"அது மேல் அடுக்கு சின்னம்மா. கீழ இருந்து பாப்பம்" என்றாள்.

"என்ன அடுக்கு?" என்றேன். சுவரோரம் வயரைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"கொழும்புக்குத் தயிர் அனுப்புறீங்கதானே? தயிர் சட்டியில. சட்டி பெட்டியில. பெட்டிக்கு மேல அட்ரஸ். மறுகா பஸ்ஸில ஏத்துவீங்க. உள்ள தயிரா கருவாடா எண்டு பஸ்காரருக்குத் தெரியத் தேவையில்ல. அங்க ஒவ்வொண்டாப் பிரிச்சாத் தயிர் வரும். நெட்வொர்க்கும் அப்படித்தான். ஒவ்வொரு அடுக்கும் தன்ட வேலையை மட்டும் பாக்கும்."

"இப்ப எது பிழை?"

"சிவப்பு லைட் எண்டா பஸ் போற ரோட்டுதான், இந்த வயர்."

அட! இத்தனை வருடமாக வீடியோ கால் பேசுகிறேன் — என் முகமும் பொதி கட்டி, விலாசம் எழுதித்தான் போகிறதா? அந்தப் பதற்றத்திலும் எனக்குப் புல்லரித்தது.

வயர் போய் மறைந்த இடம்... நெல் மூட்டைகள். முதல்நாள் மழை இருட்டியதும், வவுணதீவு வட்டையில், எங்கள் வயலில் வெட்டிய நெல்லை என் கணவர் ஹாலுக்குள் அடுக்கியிருந்தார். அடிமூட்டைக்குக் கீழே வயர் மடங்கிக் கிடந்தது. அதற்குள் ஓடுவது ஒளியாம், மடங்கினால் நின்றுவிடுமாம்.

"நெல்லு நனையாமத்தானே வைச்சன்..." என்று இழுத்தார்.

மூன்று பேருமாக மூட்டைகளை இழுத்தோம். நல்லகாலம், வயர் உடையவில்லை. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. நான் ஆடாத குறைதான்.

பத்து மணிக்கு இன்டர்வியூ. நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன். கடைசியாகத் தீர்த்த பிரச்சினை எது என்று கேட்டார்கள். அவள் தயிரில் தொடங்கி நெல் மூட்டையில் முடித்தாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

நேற்று வேலை உறுதியானது. வீடே துள்ளுகிறது. என் கணவர் மட்டும் ரோட்டில் போகிறவர்களை எல்லாம் மறித்துக் கேட்கிறார்:

"நான் மூட்டையை அங்க வைக்காட்டி, அவள் இன்டர்வியூவில என்னத்தைச் சொல்லியிருப்பாள்?"