தம்பியின் இடப்பக்கம்

அவளைத் தெருவில் எல்லோரும் கண்ணக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கடையில் முப்பத்தைந்து வருடமாக இருந்து, கண் பார்த்துச் சொல்பவளுக்கு வேறு பேர் எதற்கு? பத்தொன்பது வயதில் கடையைக் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள். பிறகு கண்ணாடிச் சில்லைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்க்கக் கற்றுக்கொண்டாள். முதலாளிக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், பின்னறை இருட்டில் எழுத்து அட்டையை மாட்டி, ஆளை உட்காரவைத்துப் பவர் பார்ப்பதும் அவள் வேலையானது. ஆளைப் பார்த்ததும் பாதி சொல்லிவிடுவாள். "பக்கத்து வீட்டுச் சண்டை மட்டும் உங்களுக்குத் தெளிவா தெரியுது, அட்டையில இருக்கற எழுத்து தெரியலையா?" என்று ஒரு கிழவரைக் கேட்டபோது, அவர் சிரித்த சிரிப்பில் பல்செட்டு கழன்று மடியில் விழுந்தது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போனபோது தம்பிக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அவனை ஆளாக்கி, பனி கொட்டும் தேசத்துக்கு விமானம் ஏற்றி அனுப்பியதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தாள். அவன் அங்கே பஸ் டிரைவர் ஆனான். பதினெட்டு வருடம் உறைந்த சாலையில் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள்தான்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு வந்தான். "அங்க பனிய அள்ளி அள்ளிக் கை மரத்துப்போச்சுக்கா. பத்து நாள் வெயில் காயணும். உன்னையும் கூட்டிட்டு நாலு எடம் பாக்கணும்" என்றான். வாடகைக்குக் கார் எடுத்தான். அருவி, மலைப்பாதை, கலங்கரை விளக்கம், கடைசியாகக் கடற்கரை. ஐந்து நாள் சுற்று. கண்ணக்கா வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைக்கு ஒரு வாரம் லீவு சொன்னாள். முதலாளி நம்பாமல் இரண்டு தரம் கேட்டார்.

முதல் நாள் கிளம்பும்போதே வீட்டு நிலையில் அவன் இடத்தோள் இடித்தது. புது இடம், தடுமாறுகிறான் என்று விட்டுவிட்டாள். மதியம் சாப்பாட்டுக் கடையில் தட்டில் இடப்பக்கம் வைத்த மீன் துண்டு அப்படியே கிடந்தது. "மீன் வேணாமாடா?" என்றாள். அவன் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, இருக்கா?" என்று எடுத்துத் தின்றான். மகள் கெக்கலித்தாள். கண்ணக்காவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அருவிக்குப் பக்கத்து விடுதியில் அவர்களுக்கு இருநூற்றுப் பதினாலாம் அறை. சாவியில் தொங்கிய தகட்டைப் பார்த்தபடி தம்பி கீழ்த்தளத்தில் முன்னும் பின்னும் நடந்தான். "பதினாலைக் காணோமேக்கா, பன்னெண்டோட முடியுது." கண்ணக்கா அவன் கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். 214. இடது ஓரத்து இரண்டு அவன் கண்ணில் படவே இல்லை.

கடைக்கு வருபவர்களில் வருடத்துக்கு ஒருவர் இப்படி வருவார். ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தால் கடைசி வரிவரை படிப்பார். ஆனால் ஒவ்வொரு வரியிலும் இடது ஓரத்து எழுத்தை விட்டுவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் கண்ணாடி எழுதக்கூடாது. கோளாறு கண்ணில் இல்லை, தலைக்குள் இருக்கிறது. "இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்புவாள்.

மறுநாள் விடிந்ததும், மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருக்கையில், தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த தம்பிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் மூக்கையே பாரு. கண்ண அசைக்காதே."

"காலங்காத்தால என்னக்கா வெளையாட்டு?"

"பாருடா."

இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். அவனுக்கு வலப்பக்கம் இரண்டு விரல், இடப்பக்கம் மூன்று விரல்.

"எத்தனை?"

"ரெண்டு."

அவனுக்கு இடப்பக்கம் இருந்த கையின் விரல்களை மடக்கினாள், விரித்தாள், அசைத்தாள். அவன் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கொஞ்சங்கொஞ்சமாக நடுவே கொண்டு வந்தாள். அவள் கன்னத்தருகே வந்த பிறகுதான் அவன் இமை அசைந்தது.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். வைக்குமுன் தரை எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்ததை அவள் கவனித்தாள்.

"ஆறு வாரம். தலைக்குள்ள கட்டிங்கறாங்க. திரும்பிப் போனதும் ஆபரேஷன்."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது. லீவுன்னு சொல்லியிருக்கேன். பஸ்ஸ அன்னைக்கே வாங்கிட்டாங்கக்கா. இனிமே எதையும் ஓட்டக்கூடாதாம்."

"அப்புறம் எப்படிடா இந்தக் கார...?"

"தலையத் திருப்பித் திருப்பிப் பாத்து ஓட்டறேன். நேத்து ஏதாவது ஆச்சா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆபரேஷன் முடிஞ்சு எழுந்திருப்பேனான்னு அவங்களே உறுதியா சொல்லல. பாப்பா ஞாபகத்துல நான் கட்டில்ல கெடக்கக் கூடாது. வண்டி ஓட்டிட்டு இருக்கணும். இன்னும் நாலு நாள்தானேக்கா."

கண்ணக்கா எழுந்து மனைவியை எழுப்பியிருக்க வேண்டும். சாவியை வாங்கித் தன் பையில் போட்டிருக்க வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவன், அம்மா செத்த அன்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றவன். கடைசியில், "நான் முன்னால உக்காந்துக்கறேன்" என்றாள். "அந்தப் பக்கம் என்ன வந்தாலும் சொல்றேன். சொன்னா நிறுத்தணும்."

"சரிக்கா" என்று அவன் சின்னப் பையனைப்போலத் தலையாட்டினான்.

அன்று மகளைப் பின்னால் அனுப்பிவிட்டு, அவனுக்கு இடப்பக்க இருக்கையில் கண்ணக்கா உட்கார்ந்தாள். "எனக்கும் காத்து வேணாமா?" என்று சாக்குச் சொன்னாள். "மாடு." "லாரி நிக்குது." "பள்ளிக்கூடப் பிள்ளைங்க." மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னாலிருந்து தம்பி மனைவி சிரித்தாள். "பஸ் டிரைவருக்கே பாடமா அண்ணி?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று கண்ணக்காவுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. மலைப்பாதை முழுக்க ஓட்டி இறங்கிவிட்டார்கள். கீழே வெயில் பளீரென்று விழுந்த நேரான சாலை. இரண்டு பக்கமும் மரம். இனி பயமில்லை என்று முதுகைச் சாய்த்தாள்.

"அத்தை, இத பாருங்க. அருவியில நீங்க கண்ண மூடிட்டு நிக்கறீங்க" என்று மகள் பின்னாலிருந்து கேமராவை நீட்டினாள்.

கண்ணக்கா திரும்பினாள். போட்டோவில் தன் முகத்தைப் பார்த்தாள். நனைந்த கோழி மாதிரி இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தபோது, இடப்பக்கம் டமாரென்று தகரம் நசுங்கும் சத்தம். அதோடு வேறொரு சத்தமும் கேட்டது, கனமான, மெத்தென்ற சத்தம்.

தபால்காரர். ஐம்பது வயதிருக்கும். சைக்கிள் வேலிக்குள் மடங்கிக் கிடந்தது. கடிதங்கள் சாலை முழுக்கச் சிதறியிருந்தன. அவரது வலது கால், முழங்காலுக்குக் கீழே, இருக்கக்கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. "பையை மூடுங்க, காத்துல போகுது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பி மனைவி தன் துப்பட்டாவை அவர் காலில் கட்டினாள். மகள் காருக்குள்ளேயே உட்கார்ந்து, கேமராவை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவுக்கு வெளியே, போலீஸ்காரர் ஒருவர் அட்டையில் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கினார்.

"அவர்தான் நடு ரோட்டுக்கு வந்துட்டார் சார்" என்றான் தம்பி. "பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டறேன். பிரேக் போடக்கூட நேரமில்ல."

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. ஆனா சைக்கிள்காரங்களும் இப்பல்லாம் இஷ்டத்துக்குத்தான் வர்றாங்க" என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டே போனார். "வேலை நேரத்துல கவனக்குறைவுன்னு ஆச்சுன்னா, பாவம், தபால் டிபார்ட்மெண்டுல ஆஸ்பத்திரி செலவக்கூடத் தர மாட்டாங்க."

கதவு திறந்திருந்தது. உள்ளே படுத்திருந்தவர் கேட்டுவிட்டார். "நான் ஓரமாத்தான் வந்தேன் சார்" என்றார். குரலில் கோபமில்லை. தான் சொல்வதைத் தானே நம்ப முடியாத ஆள் பேசுவதைப்போல இருந்தது. "முப்பது வருஷமா அந்த ஓரத்துலதான் வர்றேன். நேத்துக்கூட அங்கதான் வந்தேன்."

கண்ணக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"அவர் ஓரமாத்தான் வந்தார்" என்றாள். "இவனுக்கு இடப்பக்கம் தெரியாது. ரெண்டு கண்ணுலயும். நான் கண்ணு பாக்கறவ. இங்கயே டாக்டரக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

தம்பி மனைவி அவளைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "என்ன சொல்றாங்க?" என்றாள். சுவரைப் பார்த்தபடி நின்ற அவன் முகத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"இப்பத்தான். அடிச்ச பிறகு யோசிச்சுப் பாத்தேன்" என்றாள்.

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். இவளுக்குக் காலையிலேயே தெரியும் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் அவளிடம் எதுவுமே பேசவில்லை.

விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்து வாரம் ஆனது. மூவரும் கண்ணக்கா வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அருகே ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு கட்டி எடுத்துப் போனாள். தம்பி மனைவி கதவை ஒருசாண் திறந்து, "நாங்க சாப்ட்டாச்சு" என்றாள். இரண்டாம் முறை போனபோது, "அங்க இருந்திருந்தா இந்நேரம் ஆபரேஷன் முடிஞ்சிருக்கும் அண்ணி. கூடப்பொறந்தவங்கதானே நீங்க?" என்று கேட்டாள். மூன்றாம் முறை கதவு திறக்கவில்லை.

அவர்கள் கிளம்பும் நாளன்று விமான நிலையத்துக்குப் போனாள். அவனுக்குத் தெரியும் பக்கமாக, வலப்பக்கமாகத்தான் நின்றாள். அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்தபடி, ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்து உள்ளே போனான்.

ஆபரேஷன் நடந்தது. அவன் எழுந்தான், ஆனால் பேச்சு திரும்பவில்லை. அங்கே பனி உருகத் தொடங்கிய வாரத்தில் இறந்தான். தம்பி மனைவி இரண்டு வரியில் செய்தி அனுப்பினாள். அந்த ஐந்து வாரத்தால்தான் இப்படி ஆனதென்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. தம்பி மனைவிக்கு டாக்டர் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தபால்காரருக்குக் கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. சைக்கிளை விட்டு, ஆபீசில் கடிதம் பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். கண்ணக்கா அவரை இரண்டு தரம் போய்ப் பார்த்தாள். காலையிலேயே தனக்குத் தெரிந்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இரண்டு தரமும் போனாள். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் தரம் வாசல்வரை வந்த அவர், "தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க சொன்னதாலதான் எனக்குச் சேரவேண்டியது சேந்தது. ஆனா நீங்க வந்துட்டுப் போனா வீட்டுல ரெண்டு நாளைக்கு அதே பேச்சா இருக்கு. இனிமே வரவேணாம்" என்றார்.

கண்ணக்கா கடைக்குப் போய்வந்தாள். பின்னறையில் எழுத்து அட்டையை மாட்டினாள், கழற்றினாள். ஆட்களைக் கிண்டல் செய்வது நின்றுபோயிருந்தது. "அக்காவுக்கு வயசாயிடுச்சு" என்றார்கள்.

தம்பி இறந்து நாலு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில் போன் வந்தது. தம்பி மகள். அம்மாவுக்குத் தெரியாமல் பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"நான் போட்டோ காட்டாம இருந்திருந்தா அந்த அங்கிள் மேல கார் இடிச்சிருக்காதுல்ல? நீங்க அந்தப் பக்கம்தானே பாத்துட்டு வந்தீங்க. நான்தானே உங்களத் திருப்பினேன்?"

கண்ணக்கா சட்டம் பொருத்திக்கொண்டிருந்த கண்ணாடியை மேசையில் வைத்தாள். எத்தனை மாதமாக இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது என்று நினைத்தாள். இல்லை என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் அவள் நம்பமாட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சமாதானத்தை எளிதில் நம்புவதில்லை.

"கேளு பாப்பா. உங்கப்பாவுக்கு அந்தப் பக்கம் தெரியாதுன்னு எனக்கு அன்னைக்குக் காலையிலயே தெரியும். நாம கெளம்பறதுக்கு முன்னாடியே. போலீஸ்ல நான் பொய் சொன்னேன்."

"அப்பா சொன்னாரா?"

"சொன்னான். ஓட்டவேணாம்னு சாவிய நான் வாங்கியிருக்கணும். வாங்கல. இதுல நீ செஞ்சது ஒண்ணுமே இல்ல. போட்டோ காட்டறது ஒரு தப்பா?"

மகள் கேட்டாள். "ஏன் வாங்கல?"

கண்ணக்கா யோசித்தாள். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் சாலையில் சிதறிக் கிடந்த கடிதங்களுக்கு முன்னால் அந்த உண்மை நிற்கவில்லை.

"தைரியம் இல்ல" என்றாள்.

"அம்மாகிட்ட சொல்லவா?"

"சொல்லு."

மகள் போனை வைத்தாள். வாசலில் ஒரு பெண் உடைந்த சட்டத்தோடு வந்து நின்றாள். கண்ணக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைக் கையில் வாங்கினாள். அன்றும் அடுத்த நாளும், போன் அடிக்கும்போதெல்லாம் தம்பி மனைவிதான் என்று நினைத்து எடுத்தாள். அவள் கூப்பிடவில்லை.