அத்தையைக் குரூப்பிலிருந்து நீக்கினேன்

எட்டாம் வகுப்பு படிக்கிற காலத்தில் நான் ஒரு வாட்ஸாப் குரூப்புக்கு அட்மினாக இருந்தேன். அதற்குப் பிறகு பட்டம் வாங்கிவிட்டேன், சென்னைக்கு வந்து வேலையும் பார்க்கிறேன். ஆனாலும் அந்தப் பதவியில் இருந்தபோது எனக்கிருந்த மிடுக்கு இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை.

குரூப்பில் நாங்கள் நான்கு பேர். கோமதி, ஆயிஷா, பேச்சி, நான். நால்வரும் பள்ளிக் கால்பந்து அணியில் இருந்தோம். சங்கரன்கோவிலில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட்டும் கபடியுமாகத் திரிந்தபோது எங்களுக்கு மட்டும் இந்தக் கிறுக்கு பிடித்ததற்கு எங்கள் விளையாட்டு டீச்சர்தான் காரணம். விளையாடியது போக மிச்சமிருந்த பேச்சைப் பேசி முடிக்கத்தான் குரூப் தொடங்கினோம். யாரிடமும் சொந்தப் போன் கிடையாது. நான்கு பேரும் அவரவர் அம்மாவின் போனில்தான் குடியிருந்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாக்கள் சீரியல் பார்க்க உட்காருவார்கள். ஏழரை வரைக்கும் போன் எங்கள் கைக்கு வரும். அதனால் குரூப்புக்கு ‘ஹாஃப் டைம்’ என்று பெயர் வைத்தேன்.

விதிகளும் நான் போட்டவைதான். ஒவ்வொருவரும் தினமும் மூன்று போட வேண்டும். ஒரு கால்பந்துச் செய்தி, ஒரு விசித்திரக் கதை, ஒரு சந்தோசம். செய்திக்கு ஆயிஷாதான் ராணி, அவளுடைய வாப்பா துபாயில் இருந்தார். அங்கே டீக்கடையில் பார்த்த மேட்ச் முழுவதையும் மகளுக்குப் பேசி அனுப்பிவிடுவார். விசித்திரக் கதையில் பேச்சியை மிஞ்ச ஆளில்லை. எந்த நாட்டிலோ ஒரு நடுவரின் விசிலை வாத்து தூக்கிக்கொண்டு போனது எல்லாம் அவளுக்கு மட்டும் எங்கிருந்தோ கிடைக்கும். சந்தோசம் என்பது எதுவாகவும் இருக்கலாம். இட்லிக்குப் பதில் பூரி, கணக்கு சார் லீவு, இப்படி.

நான்காவதாக ஒரு விதியும் இருந்தது. பெரியவர்களுக்கு இடமில்லை. நான்கு அம்மாக்களின் போனில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு சட்டம் போட்டதில் இருந்த வேடிக்கை எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு கோமதிக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. எங்கள் அணி அடித்த கோல்களில் முக்கால்வாசி அவள் அடித்தவை, எனவே யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மதுரையையும் தாண்டி எங்கோ தூரத்தில் விடுதி. அங்கே பிள்ளைகள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும் வார்டன் போனிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம் பேசலாம். கோமதியின் அம்மா எனக்கு அத்தை முறை, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. மாமா லாரியில் போனால் திரும்ப பத்து நாள் ஆகும். இருந்த ஒரே பிள்ளையும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோது அத்தை பஸ் ஸ்டாண்டில் அழவில்லை. அழாததால் அவளுக்கு வருத்தமில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரம்தான் அந்த அதிசயம் நடந்தது. ஏழு மணிக்கு குரூப்பில் கோமதி வந்துவிட்டாள். ‘ஏட்டி, ஹாஸ்டல்ல போன் வச்சிருக்கியா’ என்று பேச்சி கேட்டதற்கு ஒரு சிரிக்கிற மூஞ்சி பதிலாக வந்தது. அம்மாவின் போனையே கள்ளத்தனமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று மூவரும் சத்தியம் செய்துகொண்டோம்.

ஆனால் கோமதியின் போக்கு மாறிப் போயிருந்தது. செய்தி போடமாட்டாள், மற்றவர்கள் போட்ட செய்தியைப் பற்றிக் கேள்வி கேட்பாள். கார்னர் என்றால் எத்தனை கோல் என்று ஒருநாள் கேட்டாள். சந்தோசம் போடச் சொன்னால் மல்லிகைப் பூப்படம் போட்டு ‘இனிய மாலை வணக்கம்’ என்பாள். விசித்திரக் கதை மட்டும் பிரமாதமாக இருந்தது. ஒரு கதை இன்னும் நினைவிருக்கிறது. திருவேங்கடத்துக்குப் போக வேண்டிய கல்யாண வேன் ஒன்று பனவடலிசத்திரத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒரு கல்யாணம். வேனில் வந்தவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயாசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதும்போதுதான் மாப்பிள்ளை பெயர் வேறு என்று கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள், சாப்பிட்டதுதான் சாப்பிட்டீர்கள், தாலி கட்டுகிறதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று உட்காரவைத்துவிட்டார்களாம். விடுதியில் இருக்கிறவளுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பனவடலிசத்திரத்துச் செய்தி எப்படிப் போகிறது என்று நான் யோசித்தேன். அட்மின் என்றால் யோசிக்க வேண்டும் அல்லவா.

ஒரு வியாழக்கிழமை பொறி வைத்தேன். அதற்கு முந்திய வருடம் மேலநீலிதநல்லூரில் ஒரு மேட்ச் ஆடி ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். வீட்டில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மழை பெய்து மேட்ச் நின்றுவிட்டது என்று நால்வரும் ஒரே மாதிரி புளுகி வைத்தோம். உண்மையில் ஒரு சொட்டு மழை இல்லை. எங்கள் பக்கத்து மழை ஒரு தெருவை நனைத்து அடுத்த தெருவை விட்டுவிடுகிற ரகம் என்பதால் அம்மாக்கள் நம்பிவிட்டார்கள். நான் குரூப்பில், ‘கோமதி, மேலநீலிதநல்லூர் மேட்ச்ல நாம எத்தன கோல் வாங்குனோம்’ என்று கேட்டேன்.

பதில் உடனே வந்தது. ‘அன்னைக்குத்தான் மழை பெஞ்சு மேட்ச் நடக்கலையே.’

கோமதியாக இருந்து இத்தனை நாள் எங்களோடு பேசியது அத்தை. எங்கள் ரகசியங்கள், டீச்சருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர், எல்லாவற்றையும் ஒரு பெரிய ஆள் படித்திருக்கிறாள். நான் ஆயிஷாவிடம் கேட்கவில்லை, பேச்சியிடமும் கேட்கவில்லை. நேராக விரலை வைத்து அத்தையை நீக்கினேன். நீக்கிவிட்டு, ‘விதி எண் நாலு மீறப்பட்டது’ என்று குரூப்பில் அறிவிப்பும் போட்டேன். அன்று எனக்கு ரொம்ப நிறைவாகத் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாம்பாருக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை வேகுவேகென்று உள்ளே வந்தாள். சேலையில் அங்கங்கே நூல் ஒட்டியிருந்தது. கையில் போன், இன்னொரு கையில் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு.

“மதினி, போனுக்கு என்னமோ ஆயிட்டு. மூணு நாளா பிள்ளையள் போடுதது ஒண்ணும் வரமாட்டேங்கு. கடைக்காரன்கிட்ட காட்டுனா போனு நல்லாத்தான் இருக்குங்கான்” என்றாள். “நாலு மணிக்கு அவ பேசுவா. நான் என்னத்தச் சொல்லுவேன்?”

“இவ எதுக்கு இருக்கா? எந்நேரமும் அதத்தான நோண்டுதா” என்று அம்மா என்னைக் கைகாட்டினாள். “ஏட்டி, என்னன்னு பாரு.”

போனை வாங்கினேன். அட்மின் உங்களை நீக்கிவிட்டார் என்று இங்கிலீஷில் தெளிவாக எழுதியிருந்தது. அத்தைக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் படிப்பாள், ஆனால் போனில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் மைக் பொத்தானை அமுக்கிப் பேசி, போன் அதை எழுத்தாக்கித் தந்ததைத்தான் இத்தனை நாள் அனுப்பியிருக்கிறாள். நான் முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு அங்கே இங்கே அமுக்கினேன். ஒருமுறை அணைத்துப் போட்டேன்.

“டவர் பிரச்சன அத்தை. சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும்.”

“சாயங்காலம் ஆனா எனக்கு என்ன பிரயோசனம்?” என்று அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டு மடியில் விரிந்து கிடந்தது. கோமதி பாதி எழுதி விட்டுப்போன அறிவியல் நோட்டு. மிச்சப் பக்கங்களில் அத்தையின் குண்டுக் கையெழுத்து. நாள்வாரியாக எங்கள் குரூப் முழுவதும் அதில் இருந்தது. ஆயிஷா வாப்பா சொன்ன மேட்ச், பேச்சியின் வாத்து, எனக்குப் பூரி கிடைத்தது வரைக்கும். ஓரத்தில் தனியாக, ‘கார்னர் – கேட்டாச்சு, ஆஃப்சைடு – கேக்கணும்’ என்று குறித்திருந்தாள். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று கிழமைகளை எழுதிக் கீழே இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

“இது இல்லாட்டா அவ என்கிட்ட என்னத்தப் பேசுவா மதினி?” என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். “சாப்ட்டியாம்பேன், சாப்ட்டேன்பா. பெறகு ரெண்டு பேரும் சும்மா போன வச்சிக்கிட்டு நிப்போம். போன ஒடனே மொத வாரம் அப்படித்தான் இருந்துது.”

அம்மா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“அதுக்கென்ன அத்தை, நான் சொல்லுதேன், எழுதிக்கோங்க” என்றேன். மூன்று நாள் செய்தியையும் ஒப்பித்தேன். சனிக்கிழமைக்குச் சரக்கு போதவில்லை. கோலுக்குள் குருவி கூடு கட்டியதால் மேட்சை மைதானத்தின் மறுபாதியில் மட்டும் ஆடினார்கள் என்று ஒரு கதையை அங்கேயே தயாரித்துக் கொடுத்தேன். அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுதி முடித்ததும், “ஆஃப்சைடுன்னா என்னட்டி?” என்றாள்.

நான் நான்கு டம்ளரை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். ஒரு சின்ன வெங்காயம்தான் பந்து. கோல்கீப்பரைக் கணக்கில் சேர்க்காமல், எதிராளியின் கடைசி டம்ளரையும் தாண்டி நம் டம்ளர் முன்கூட்டியே போய் நின்றுகொண்டு பந்தை வாங்கினால் ஆஃப்சைடு என்று விளக்கினேன். அத்தை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப பந்து வாரதுக்கு முந்தியே அவ வீட்டு வாசல்ல போயி நம்மாளு நிக்கப்படாது. பந்து கெளம்புன பெறகு ஓடணும். அதான?”

“அதேதான் அத்தை.” டீச்சர் எனக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அத்தை வெங்காயத்தை உருட்டி, எது ஆஃப்சைடு, எது இல்லை என்று தானே இரண்டு முறை செய்து காட்டினாள். இரண்டும் சரி. பிறகு அம்மா அந்தப் பந்தை எடுத்து உரித்துச் சாம்பாரில் போட்டுவிட்டாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. அத்தை எங்கள் வீட்டிலேயே எடுத்தாள். சாப்ட்டியா என்றாள். சாப்ட்டேன் என்று கோமதியின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் செய்த ஒரு காரியத்துக்காக எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அத்தை நோட்டைப் புரட்டினாள்.

“கேட்டியாளா, கோலுக்குள்ள குருவி கூடு கட்டிட்டாம்லா.”

கோமதி சிரித்தது வாசல்வரை கேட்டது. வாத்து, பூரி, வாப்பாவின் மேட்ச் என்று அத்தை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. கோமதி களைத்தவள் போல ‘ம்’ மட்டும் கொட்டத் தொடங்கிய இடத்தில் அத்தை நோட்டை மூடினாள்.

“எனக்கு ஆஃப்சைடும் தெரிஞ்சிட்டு பாத்துக்கோ. கோல்கீப்பரு கோட்ட விட்டு வெளிய வந்தா அது ஆஃப்சைடு.”

அம்மா, அது இல்லம்மா, என்று அந்தப் பக்கம் ஒரே கூப்பாடு. கோமதி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், “அப்ப நடுவரு நிக்காருல்லா, அவரத் தாண்டிப் போனாலா?” என்றாள். கோமதி தலையில் அடித்துக்கொள்கிற சத்தம்கூடக் கேட்டிருக்கும். மறுபடியும் விளக்கினாள். வார்டன் நேரமாயிற்று என்று போனை வாங்குகிறவரை விளக்கிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கால்மணி நேரத்துக்கு முன்னால் டம்ளர் வைத்துக் கற்றுக்கொடுத்தது. வெங்காயத்தை உருட்டிச் சரியாகச் செய்தும் காட்டினாள். அதற்குள் எல்லாவற்றையும் மறந்து என் மானத்தை வாங்கிவிட்டாளே என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு ஞாபகசக்தி குறைவு, பாவம் என்று அன்று சாயங்காலம் அத்தையை மறுபடி குரூப்பில் சேர்த்தேன். பேச்சி முறுக்கிக்கொண்டு கேட்டபோது, விதி எண் நாலு ரத்து செய்யப்படுகிறது என்று அறிவித்தேன். ஏழு மணி சீரியலை அத்தை விட்டு மாதக்கணக்காகிறது என்று அம்மா சொன்னது எனக்கு அப்போது ஒரு செய்தியாகவே தோன்றவில்லை.

கோமதி இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஹாஃப் டைம் குரூப் இன்னும் இருக்கிறது. அத்தையும் இருக்கிறாள், பூப்படமும் வருகிறது.

நான் சென்னைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா போன் செய்வாள். சாப்ட்டியா என்பாள், சாப்ட்டேன் என்பேன். வேலைக் களைப்பில் எனக்கு மேற்கொண்டு பேச்சு வராது. போன வாரமும் அப்படித்தான், கொஞ்ச நேரம் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். பிறகு அம்மா தொண்டையைச் செருமினாள்.

“ஏட்டி, நேத்து டிவியில மேட்சு ஓடுச்சி. இந்த ஆஃப்சைடுன்னா என்னது?”

அன்று அந்த நான்கு டம்ளருக்கும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவள் அவள். வெங்காயத்தை உரித்ததும் அவள்தான். நான் எழுந்துபோய் ஜன்னலோரம் வசதியாக உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.